லினக்ஸை அழிக்கும் முன் விண்டோஸைத் தனியாக எழுப்பிப் பாருங்கள்

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. கிருஷ்ணகிரியில் செகண்ட் ஹேண்டாக ஒரு லேப்டாப் வாங்கியிருக்கிறார். அதில் விண்டோஸ் 10, உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) இரண்டும் இருக்கின்றன, ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் வருகிறது. அப்பாவின் தக்காளி மண்டிக் கணக்கு முழுக்க விண்டோஸில், டேலியில் இருக்கிறது. சி டிரைவில் இடம் போதவில்லை, உபுண்டுவை வீட்டில் யாரும் தொடுவதில்லை. "டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் அந்த பார்ட்டிஷனை டெலீட் செய்தால் முடிந்தது என்று நண்பன் சொல்கிறான், செய்யலாமா அண்ணா?" என்கிறார். (பார்ட்டிஷன் என்றால் டிஸ்கில் தனியாகப் பிரித்து வைத்த ஒரு பகுதி.) கூடவே இன்னொன்றும் கேட்கிறார்: உபுண்டுவை வைத்துக்கொண்டே அதற்குள் தேவையில்லாததை மட்டும் நீக்கி இடம் எடுக்க முடியுமா?

செய்யலாம் தம்பி, ஆனால் அதை முதலில் செய்யாதீர்கள். நண்பர் சொன்னது கடைசி வேலை. அதற்கு முன்னால் உபுண்டுவின் துணை இல்லாமலே விண்டோஸ் எழுந்து நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கிருஷ்ணகிரியில் பல வருடங்களாக சர்வீஸ் பார்க்கிறேன். லினக்ஸை எடுக்கப் போய் மாட்டிக்கொண்டு வந்தவர்களில் பெரும்பாலானோர் இந்த வரிசையை மாற்றிச் செய்தவர்கள்தான்.

ஏன் வரிசை முக்கியம் என்றால், நீங்கள் ஆன் செய்ததும் பார்க்கும் அந்தப் பட்டியலைக் காட்டுவது விண்டோஸ் இல்லை, உபுண்டுவோடு வந்த கிரப் என்ற நிரல். வாசலில் நிற்கும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் நிற்பது வாசலில், ஆனால் யாரை எங்கே அனுப்ப வேண்டும் என்று எழுதிய நோட்டு லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு உள்ளே இருக்கிறது. பார்ட்டிஷனை அழித்தால் நோட்டு போய்விடும், ஆள் மட்டும் வாசலிலேயே நிற்பான். அடுத்த முறை ஆன் செய்தால் கருப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்றோ வெறும் 'கிரப்' என்றோ ஒரு வரி வந்து அப்படியே நின்றுவிடும். விண்டோஸும் டேலியும் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும், போக வழி மட்டும் இருக்காது.

இந்தத் திரையைப் பார்த்துப் பயந்து போய்க் கணினியைக் கொடுக்கிறார்கள், கொடுத்த இடத்தில் "ஹார்ட் டிஸ்க் போச்சு" என்று சொல்லி முழுவதையும் ஃபார்மேட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தருகிறார்கள். அரூர் பக்கமிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு இப்படித்தான் நடந்தது. கடைக்கணக்கு மூன்று வருடத்துக்கானது, பேக்கப் கிடையாது. பத்து நிமிடத்தில் சரிசெய்திருக்கக்கூடிய சிக்கலுக்காக அத்தனையும் போனதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பேக்கப். டேலியில் இருக்கும் பேக்கப் வசதியிலேயே ஒரு பிரதி எடுத்துப் பென் டிரைவில் போடுங்கள், அது போக டேலியின் டேட்டா ஃபோல்டரை அப்படியே இன்னொரு முறை காப்பி செய்யுங்கள், இரண்டும் வேண்டும். பிறகு உபுண்டுவுக்குள்ளும் ஒரு முறை போய்ப் பாருங்கள். யாரும் தொடுவதில்லை என்கிறீர்கள், ஆனால் வீட்டில் யாராவது அதில் போட்டோவோ கல்லூரி ப்ராஜெக்டோ வைத்திருக்கலாம். டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் நான்கையும் திறந்து பார்த்து, வேண்டியதைப் பென் டிரைவுக்கு மாற்றுங்கள். உபுண்டு கோப்புகளை அடுக்கி வைக்கும் எக்ஸ்ட்4 என்ற முறையை விண்டோஸ் தானாகப் படிக்காது, ஆகவே அந்தப் பக்கத்துப் பொருளை அந்தப் பக்கம் போய்த்தான் எடுக்க வேண்டும்.

உபுண்டுவில் இருக்கும்போதே 'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறந்து, எந்தப் பார்ட்டிஷன் எக்ஸ்ட்4, அதன் அளவு என்ன, ஸ்வாப் (நினைவகம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் இடம்) என்று தனியாக ஒன்று இருக்கிறதா என்று பார்த்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதைக் கட்டாயம் செய்யச் சொல்வேன், ஏனென்றால் விண்டோஸ் பக்கம் வந்துவிட்டால் லினக்ஸ் பார்ட்டிஷன்களுக்குப் பெயரும் இருக்காது, சி, டி போன்ற டிரைவ் எழுத்தும் இருக்காது, அளவை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். இதில் ஒரு குழப்பம் வரும். உபுண்டுவின் டிஸ்க்ஸ் செயலி 100 ஜிபி என்று காட்டுவதை விண்டோஸ் 93.13 ஜிபி என்று காட்டும், 50 ஜிபி என்றால் 46.57. அது ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024ஆல் எண்ணுகிறது, அவ்வளவுதான். இது தெரியாமல் "அளவு ஒத்துப்போகவில்லையே, அப்போ இது வேற பார்ட்டிஷன் போல" என்று பக்கத்தில் இருந்ததை அழித்தவர்கள் உண்டு.

அடுத்தது பூட்டு. இதை நிறையப் பேர் சொல்வதில்லை, ஆனால் உங்களைப் போல செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு மிக முக்கியம். விண்டோஸ் செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் (டிஸ்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் ஆகியிருந்தால், நாம் கணினி எழும் வரிசையை மாற்றிய பிறகு அது சந்தேகப்பட்டு 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கலாம். அந்தக் கீ பொதுவாக மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். உங்கள் கணக்கு என்றால் கவலையில்லை. லேப்டாப்பை விற்றவருடைய கணக்கில் அது இருந்தால் என்ன செய்வீர்கள், ஆளைத் தேடிக்கொண்டு ஓசூர் வரை அலைய வேண்டியிருக்கும். ஆகவே வேலையைத் தொடங்கும் முன்பே என்கிரிப்ஷனை ஆஃப் செய்து, அது முழுதாகக் கழன்று முடியும்வரை காத்திருங்கள். வேலை எல்லாம் முடிந்த பிறகு உங்கள் கணக்கிலேயே திரும்ப ஆன் செய்துகொள்ளலாம்.

இப்போது உங்கள் லேப்டாப் எந்த வகை என்று தெரிய வேண்டும். ஸ்டார்ட்டில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்தால் 'பயாஸ் மோட்' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு எதிரே யுஇஎஃப்ஐ (கணினியை எழுப்பும் புது முறை) என்று இருக்கும், இல்லையென்றால் லெகசி (பழைய முறை) என்று இருக்கும். இரண்டுக்கும் வழி வேறு. யூடியூபில் பார்த்து இரண்டுக்குமான கட்டளைகளையும் ஒன்றாகக் கலந்து அடித்துவிட்டு வருகிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம்.

யுஇஎஃப்ஐ என்றால் வேலை சுலபம். இந்த வகையில் டிஸ்கின் தொடக்கத்தில் பெரும்பாலும் 100 எம்பி அளவில் இஎஃப்ஐ என்ற சின்னப் பார்ட்டிஷன் ஒன்று இருக்கும். அதற்குள் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர் என்று இரண்டு பேரின் பூட் கோப்புகளும் (கணினியை எழுப்பும் கோப்புகள்) பக்கத்தில் பக்கத்தில் குடியிருக்கும். யாரை முதலில் எழுப்புவது என்ற வரிசை மதர்போர்டின் நினைவில் இருக்கிறது. லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்2 தட்டி (எச்பி என்றால் எஃப்10) பயாஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புத் திரை) போய், பூட் வரிசையில் 'உபுண்டு'வுக்கு மேலே 'விண்டோஸ் பூட் மேனேஜர்' வரும்படி மாற்றிச் சேமியுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது அந்தப் பட்டியல் வராமல் நேராக விண்டோஸ் வர வேண்டும். ஒரு முறை போதாது. முழுதாக ஆஃப் செய்து, மீண்டும் ஆன் செய்து, இரண்டு மூன்று தடவை பாருங்கள். வந்தால் பெரிய கண்டம் தாண்டிவிட்டீர்கள். வராவிட்டாலும் எதுவும் கெடவில்லை, உபுண்டு இன்னும் இருக்கிறது, பழைய வழியிலேயே விண்டோஸுக்குள் போகலாம். முதலிலேயே பார்ட்டிஷனை அழித்திருந்தால் இப்படித் திரும்பிப் போக இடம் இருந்திருக்காது.

லெகசி என்றால் கொஞ்சம் கவனம் வேண்டும். இங்கே டிஸ்கின் முதல் 512 பைட்டிலேயே கிரப் தன் முதல் துண்டை எழுதி வைத்திருக்கும், அடுத்த துண்டு முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் இருக்கும் காலி இடத்தில் இருக்கும். அந்த முதல் துண்டின் மேல் விண்டோஸ் தன்னுடையதை எழுத வேண்டும். விண்டோஸ் 10-ல் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள், நீலத் திரை வரும், அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் ப்ராம்ட் என்று உள்ளே போங்கள். அங்கே பூட்ரெக் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, ஒட்டியபடி ஃபிக்ஸ்எம்பிஆர் என்று அடித்து என்டர் தட்டுங்கள். (இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.) இந்தக் கட்டளை பார்ட்டிஷன் பட்டியலைத் தொடாது, தொடக்கத் துண்டை மட்டும் மாற்றும். அதன் பிறகு ரீஸ்டார்ட் செய்து, முன்பு சொன்னது போலவே இரண்டு மூன்று தடவை பாருங்கள்.

நம் மாவட்டங்களில் நிறைய வீடுகளில் இருக்கும் அரசு விலையில்லா லேப்டாப்புகளுக்கும் இதே கதைதான். 2011ல் அந்தத் திட்டம் தொடங்கிய காலத்திலேயே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அந்த பாஸ், டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது, அதிலும் கிரப்தான். பயாஸ் மோட் என்ன என்று பார்த்துவிட்டு மேலே சொன்ன இரண்டில் ஒரு வழியில் போனால் போதும்.

விண்டோஸ் தனியாக எழுகிறது என்று உறுதியான பிறகு, இப்போது நண்பர் சொன்ன வேலை. ஸ்டார்ட் பொத்தான் மேல் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். போனில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு டிரைவ் எழுத்து இருக்காது, என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் முறையின் பெயரும் இருக்காது, அளவு மட்டும் ஒத்துப்போகும். பழைய உபுண்டு என்றால் ஸ்வாப் என்று இரண்டாவதாக ஒரு சின்னப் பார்ட்டிஷனும் இருக்கும், 17.04 பதிப்பிலிருந்து அது பார்ட்டிஷனாக இல்லாமல் உள்ளேயே ஒரு கோப்பாகிவிட்டது. அந்த லினக்ஸ் பார்ட்டிஷன் மேல் ரைட் கிளிக், டெலீட் வால்யூம்; ஸ்வாப் தனியாக இருந்தால் அதற்கும் அப்படியே. லெகசி டிஸ்கில் அழித்த இடம் பச்சைக் கட்டத்துக்குள் 'ஃப்ரீ ஸ்பேஸ்' என்று காட்டினால், அந்தக் கட்டத்துக்குள் வேறு டிரைவ் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு அதையும் ஒரு முறை டெலீட் செய்ய வேண்டும், அப்போதுதான் கருப்புப் பட்டையோடு 'அன்அலொகேட்டட்' ஆகும்.

தொடக் கூடாதவை: இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன், ரெக்கவரி பார்ட்டிஷன், சிஸ்டம் ரிசர்வ்டு. டிஸ்க் மேனேஜ்மென்ட் நல்ல பிள்ளை, இஎஃப்ஐயை அழிக்க விடாது. ஆனால் டிஸ்க்பார்ட் கட்டளையும் வெளியாட்களின் பார்ட்டிஷன் செயலிகளும் விட்டுவிடும். குறிப்பாக டிஸ்க்பார்ட்டில் 'க்ளீன்' என்று ஒரு சொல் உண்டு. கேட்க லினக்ஸைச் சுத்தம் செய்வது போல இருக்கும், ஆனால் தேர்ந்தெடுத்த டிஸ்கின் பார்ட்டிஷன் பட்டியலையே அது துடைத்துவிடும், உறுதியா என்று ஒரு வார்த்தை கூடக் கேட்காது. அந்தச் சொல்லை மறந்தும் அடிக்காதீர்கள்.

காலி இடம் சி டிரைவுக்கு வலப்பக்கம் ஒட்டியபடி இருந்தால் சி மேல் ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' கொடுத்தால் சில நொடிகளில் சேர்ந்துவிடும். சி டிரைவைச் சுருக்கித்தான் உபுண்டு போட்டிருப்பார்கள் என்பதால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அந்த வரி மங்கலாகத் தெரிந்தால் நடுவில் ஏதோ ஒரு பார்ட்டிஷன் நிற்கிறது என்று பொருள். நடுவில் நிற்பதை வேறு செயலி வைத்து நகர்த்தச் சொல்லிப் பலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். நகர்த்தும் வேலை மணிக்கணக்கில் ஓடலாம், செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பின் பேட்டரி பெரும்பாலும் அரை மணி நேரம்கூட நிற்காது, நம்மூரில் காற்றும் மழையும் வந்தால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பாதியில் நின்றால் டிஸ்க் முழுக்கச் சிக்கல். அதற்குப் பதிலாக அந்தக் காலி இடத்தை 'நியூ சிம்பிள் வால்யூம்' கொடுத்துப் புது டிரைவாக்கி, போட்டோ, வீடியோ, பழைய வருடக் கணக்குகளை அங்கே மாற்றுங்கள். சி டிரைவில் இடம் தானாகக் கிடைத்துவிடும்.

யுஇஎஃப்ஐ வகையில் ஒன்று மிச்சமிருக்கும்: இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள் இருக்கும் உபுண்டு ஃபோல்டர். சில எம்பிதான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாலும் தவறில்லை. பூட் பட்டியலில் 'உபுண்டு' என்ற பெயர் மட்டும் தெரிந்துகொண்டிருக்கும். அதை எடுத்தே ஆக வேண்டும் என்றால், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் ப்ராம்ட்டில் டிஸ்க்பார்ட் போய், லிஸ்ட் வால்யூம் கொடுத்து, ஃபேட்32 என்று காட்டும் அந்த 100 எம்பி வால்யூமின் எண்ணைப் பார்த்து, செலக்ட் வால்யூம் என்று அந்த எண்ணோடு அடித்து, அசைன் லெட்டர் கொடுத்து ஒரு எழுத்து வைக்க வேண்டும். டிஸ்க்பார்ட்டை விட்டு வெளியே வந்து, அந்த எழுத்துக்குள் இஎஃப்ஐ ஃபோல்டருக்குப் போய், உபுண்டு என்ற ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் ஆர்டி கட்டளையால் நீக்க வேண்டும். அங்கே பக்கத்திலேயே மைக்ரோசாஃப்ட், பூட் என்ற ஃபோல்டர்கள் இருக்கும், அவை விண்டோஸ் எழத் தேவையானவை. கட்டளை அடித்துப் பழக்கம் இல்லையென்றால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள், உங்கள் கணக்குக்கு எந்த நஷ்டமும் இல்லை.

ஏற்கெனவே அழித்துவிட்டு, கிரப் திரையில் நின்றுகொண்டு இதைப் படிப்பவர்களும் இருப்பீர்கள். முதலில் ஃபார்மேட் என்ற பேச்சுக்கே போகாதீர்கள். யுஇஎஃப்ஐ லேப்டாப் என்றால் ஆஃப் செய்து ஆன் செய்யும்போது எஃப்12 தட்டிக்கொண்டே இருங்கள் (டெல், லெனோவாவில் எஃப்12, எச்பியில் எஃப்9), வரும் பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுங்கள், விண்டோஸ் வந்துவிடும், பிறகு பயாஸில் வரிசையை மாற்றினால் தீர்ந்தது. லெகசி என்றால் இன்னொரு கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை வைத்து 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் 10 இன்ஸ்டாலரை எழுதுங்கள், பென் டிரைவில் இருப்பது அழிந்துவிடும் என்பதால் காலியானதாக எடுங்கள். அதிலிருந்து லேப்டாப்பை எழுப்பி, மொழி கேட்கும் திரைக்கு அடுத்து 'இன்ஸ்டால் நவ்' பெரிதாக இருக்கும், அதை அழுத்தாமல் கீழே மூலையில் இருக்கும் 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' வழியாகக் கமாண்ட் ப்ராம்ட்டுக்குப் போய், அதே பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர் கட்டளையைக் கொடுங்கள்.

இரண்டாவது கேள்வி: உபுண்டுவுக்குள் தேவையில்லாததை நீக்கி இடம் எடுப்பது. அங்கே எவ்வளவு காலி செய்தாலும் அந்த இடம் உபுண்டுவின் பார்ட்டிஷனுக்குள்தான் இருக்கும், சி டிரைவுக்கு வராது. ஆகவே உங்கள் தேவைக்கு இது உதவாது. உபுண்டுவைத் தொடர்ந்து பயன்படுத்துபவர்களுக்காக மட்டும் ஒரு எச்சரிக்கை: பழைய கெர்னல்களை (உபுண்டுவின் மையப் பகுதி) கையால் அழிக்காமல் ஆப்ட் ஆட்டோரிமூவ் கட்டளையிடம் விடுங்கள், 'நான் பைத்தான் படிக்கவில்லையே' என்று பைத்தான்3 என்ற நிரல்மொழியை நீக்கிவிடாதீர்கள். உபுண்டுவின் பல பாகங்கள் அதை நம்பித்தான் ஓடுகின்றன, அதை எடுத்தால் டெஸ்க்டாப்பையே சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். எதை நீக்கினாலும் 'இவையும் நீக்கப்படும்' என்று அது காட்டும் பட்டியலை முழுதாகப் படித்துவிட்டு ஆம் சொல்லுங்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. டிஸ்கில் இடம் மட்டும்தான் பிரச்சினை என்றால், பழைய ஹார்ட் டிஸ்கைப் பெரிய எஸ்எஸ்டியாக மாற்றி இரண்டையும் வைத்துக்கொள்வதையும் யோசியுங்கள். பேங்க் வேலை, நெட் வேலைக்கு அப்டேட் வரும் உபுண்டு ஒன்று கையில் இருப்பது நல்லதுதான். வேண்டாம் என்றால் தாராளமாக எடுங்கள், மேலே சொன்னது போதும்.

எல்லாம் முடிந்த பிறகு விண்டோஸ் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடினால் பயப்பட வேண்டாம், உபுண்டு மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதும், விண்டோஸ் அதையே நம்மூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். விடிகாலை நான்கு மணிக்கு மண்டியில் உட்கார்ந்து திறந்தால் முந்தின நாள் இரவு பத்தரை என்று காட்டும், தேதியே தப்பாகிவிடும். செட்டிங்ஸில் ஒரு முறை நேரத்தைச் சரிசெய்துவிட்டால், உபுண்டு போன பிறகு அது மாறாது.

தம்பி, நீங்கள் டெலீட் அழுத்தும் முன் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையையும் உபுண்டுவில் எடுத்த படத்தையும் எனக்கு அனுப்புங்கள். எது எது என்று குறித்துத் தருகிறேன், அதன் பிறகு அழுத்தலாம்.